எட்டு நாள் கணக்கு

கொணவட்டத்தில் பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணி.
புழு கொசுவாக எட்டு நாள் போதும்.
இந்தக் கணக்கை
டார்ச்சோடு வீடு வீடாகத் தூக்கிப் போகிறேன்.

வெளிச்சம் பட்டதும்
காற்புள்ளிகளாக நெளிந்து அடியில் இறங்கின.
"டிரம்மைக் கொட்டிக் கழுவணும்க்கா."
ஷமீமா சிரிக்கவில்லை.
"கொட்டிட்டு? பாலாத்துலயா மொண்டுக்கறது?"

ஆறு பக்கத்தில்தான். மணலாக.
என் நோட்டீஸில் இதற்குப் பதில் இல்லை.
மருந்து ஊற்றி, சுவரில்
சாக்பீஸால் தேதி போட்டு வந்தேன்.

மறுவாரம்
டிரம்மின் வாயில் பழைய துப்பட்டா,
சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டியிருந்தது.
பக்கத்து வீட்டிலும்.
ஆளில்லாத வீட்டு வாசலிலும் கூட.

என் தேதிக்குக் கீழே
செங்கல் துண்டால் யாரோ:
கடைசியா தண்ணி வுட்டது மூணாம் தேதி.

அதற்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.