துளை

நார்த் பிரிட்ஜ் ரோட்டில்
பழைய கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடி.
கழிவறைக்கு அடுத்த கடை என்னுடையது.
ராஜாக்களைக் கிலோ கணக்கில் வாங்கி
ஒவ்வொருவராகப் பிரித்து விற்கிறேன்.

மைலோ டின்னுக்குள்
சோழனும் நாயக்கனும் ஆற்காட்டு நவாபும்
ஒருவர் மேல் ஒருவர் கிடக்கிறார்கள்.
குலுக்கினால் எல்லோருக்கும் ஒரே சத்தம்.

சோழக் காசில் நிற்பவனுக்கு முகம் கிடையாது.
முகம் போல ஒரு மேடு, கை போல ஒரு கோடு.
கடல் தாண்டிக் கடாரம் வென்ற குலம்
தன் பெயரை நாகரியில் பொறித்துக்கொண்டது.
“தமிழ் எழுத்து இல்லையா?” என்று
வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்கிறார்கள்.
இல்லை.
நானா அச்சடித்தேன்?

கும்பினிக் காசொன்றில் ஆளே இல்லை, தராசுதான்.
இரண்டு தட்டுக்கும் நடுவில்
பார்சி எழுத்தில் ‘நீதி’.
அந்தக் கும்பினிதான்
காசில் முத்திரை குத்தியது போலவே
நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தி
விலங்கோடு இங்கே கப்பலேற்றியது.
வந்தவர்கள் சதுப்பைத் தூர்த்தார்கள், செங்கல் சுட்டார்கள்.
என் கடைக்கு நீங்கள் நடந்து வந்த சாலை
அவர்கள் போட்டது.
அவர்கள் நெற்றிகள் எந்த ஆல்பத்திலும் இல்லை.

ஜப்பான்காரன் நோட்டில் வாழைமரம்.
மூன்றரை வருடம் ஓடியது.
கடைசியில் ஒரு கட்டு நோட்டுக்கு
ஒரு சீப்புப் பழம் வரவில்லை.

விலைப் புத்தகத்தில் தரம் போட்டிருக்கும்:
புழங்காதது, மிக நன்று, நன்று, சுமார்.
மடியில் முடிந்தவள், வியர்வைக் கையால் எண்ணியவன்,
கள்ளுக்கடையில் சுண்டிப் பார்த்தவன்,
வட்டிக்காரன் முன்னால் நின்று
விடாமல் பெருவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தவன்
எல்லோருக்கும் சேர்த்து அதில் ஒரே பெயர்:
தேய்மானம்.

ஞாயிற்றுக்கிழமை, நல்ல மழை.
நனைந்த பையோடு ஒதுங்கிய இருளப்பன்,
கமுதிப் பக்கம்,
சிம் கார்டு உறையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தான்.
கால்வாய் தோண்டும்போது கிடைத்ததாம்.
“புளி போட்டு வெளக்கிட்டேன்க்கா.”
என் தொழிலில் இதைவிடப் பெரிய பாவம் இல்லை.

லென்ஸை வைத்துப் பார்த்தேன். ராணி.
ஆயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டு.
காதுக்கும் கொண்டைக்கும் நடுவில் ஒரு துளை,
ஆணி வைத்து, ஒரே அடி.
“ஓட்டை விழுந்தா விலை இல்லை தம்பி.”

அவன் வாங்கித் திருப்பினான்.
துளை வழியே என் ட்யூப் லைட்டைப் பார்த்தான்.
“இது அரணாக்கயித்துல கோத்ததுக்கா.
எந்தம்பிக்குக்கூட எங்கம்மா கோத்துச்சு.
ராத்திரில வீறிட்டு அழுவான்.”

இருபது வருடமாகத் துளை விழுந்தவற்றை
பழுது என்று எழுதித் தனி டப்பாவில் போடுகிறேன்.
ஆணி எந்தப் பக்கத்திலிருந்து இறங்கியது என்று
ஒரு தடவையும் பார்த்ததில்லை.
இப்போது பார்த்தேன்.
முகத்தின் பக்கம்.
சூரியன் மறையாத ராஜ்ஜியத்தின் தலையில்
எவளோ கல்லெடுத்து ஓங்கி அடித்திருக்கிறாள்.
கலகம் இல்லை.
பிள்ளைக்குப் பயம் தெளிய வேண்டும், அவ்வளவுதான்.

“மியூசியத்துல குடுக்கணுமாக்கா?”
“கொடுக்கணும். முதலில் உன் சூப்பர்வைசரிடம் சொல்.”
முகம் கொஞ்சம் வாடியது.
“புள்ளைக் காசுன்னு எழுதச் சொல்லுங்க.
ராணி காசுன்னு எழுதிருவானுங்க.”
மழை விடவில்லை, அவனுக்கு லாரிக்கு நேரமாகிவிட்டது.

ஷட்டரை இறக்கிவிட்டுச் சில்லறை துழாவினேன்.
ஐந்து காசு ஒன்று.
சிங்கம் ஒரு பக்கம், புலி ஒரு பக்கம்,
ஓரத்தில் பொடி எழுத்தில் சிங்கப்பூர், தமிழில்.
சோழனுக்குத் தோன்றாதது.
இதை வாங்க இப்போது கடைக்காரர்களே முகம் சுளிக்கிறார்கள்.
டப்பாவை மட்டும்
மேஜை மேலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.
நாற்பது, ஐம்பது இருக்கும்.
நாளைக்கு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க வேண்டும்.