தேறாத தேறல்

விப்பாவா பள்ளத்தாக்கில்
கூரை ஓடுகளின் மேல் கல் ஏற்றி வைத்திருக்கிறார்கள்.
காற்றுக்காக, என்றார் வோய்கோ,
கைகுலுக்கும் முன்பே.
புர்யா என்று அதற்குப் பெயர்.
ஒரு பிப்ரவரியில்
பக்கத்து வீட்டு அஞ்சல் பெட்டியைப் பிடுங்கி
இவர் வாசலில் போட்டுவிட்டுப் போனதாம்,
உள்ளே கடிதங்களோடு.

நாற்பது நிமிடம் பிந்தி வந்திருந்தோம்.
யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.
யெல்கா மட்டும்
பாலாடைக்கட்டி நறுக்குவதை நிறுத்தி
சுவர் நாட்காட்டியைப் பார்த்து
உதட்டைப் பிதுக்கினாள்.
சந்திரன் மகரத்தில். இன்று வேர் நாள்.
ஒயின் வாய் திறக்காது.
வெள்ளிக்கிழமை கனி நாள், அன்று வந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை அலுவலகம் இருக்கிறதே என்றாள்
என்னோடு வந்த நெவெங்கா.
பரவாயில்லை, என்றார் வோய்கோ,
பேசாதவர்களோடும் உட்கார்ந்திருக்கலாம்.

முதலில் தோட்டம்.
கொடி வரிசைகளுக்கு நடுவே
கடுகு, அவரை, பெயர் தெரியாத ஊதாப் பூ.
இதில் களை எது என்று கேட்டேன்.
சுற்றுமுற்றும் பார்த்தவர்
புல்மேல் நிறுத்தியிருந்த எங்கள் காரைக் காட்டினார்.

கொட்டகையில்
ஒரு மரப்பெட்டி நிறையப் பசுக் கொம்புகள்.
சாணம் அடைத்து
இலை உதிரும்போது புதைத்து
தளிர் விடும்போது தோண்டுவது.
பிறகு ஒரு பிடி எடுத்து
வாளி மழைநீரில் போட்டு
வலமாகச் சுழி விழும்வரை கலக்கி,
சுழியை உடைத்து,
இடமாகக் கலக்கி,
இப்படியே ஒரு மணி நேரம்.
நம்புகிறீர்களா என்று நெவெங்கா கேட்டது
வோய்கோவை.
பதில் சொன்னது யெல்கா:
எனக்கு நம்பிக்கை இல்லை.
ஆனால் கலக்குவது நான்தான்.
அந்த ஒரு மணி நேரம்
இந்த வீட்டில் யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள்.

போன ஜூலையில்
பதினோரு நிமிடம் ஆலங்கட்டி பெய்திருக்கிறது.
இலைகள் சல்லடை.
காய்ச்சல்காரக் குழந்தைக்குக் கொடுப்பதுபோல
கொடிகளுக்குச் சீமைச்சாமந்தித் தேநீர் தெளித்திருக்கிறார்கள்,
இருவரும், முதுகில் தகரக் குடுவையோடு, மூன்று விடியல்கள்.
கொடி தேறிவிட்டது.
பழம் ஒரு பீப்பாய்க்குத்தான்.

அந்தப் பீப்பாயிலிருந்துதான் ஊற்றினார்.
ரெபுலா. வெள்ளைத் திராட்சைதான்,
தோலோடு இருபத்தாறு நாள் ஊறியதில்
பழைய செம்புக் காசின் நிறம்.
வடிகட்டியதில்லை.
கலங்கல் என்று எழுதி
மூவர் குழு இதைத் தேறவிடாமல் திருப்பியிருக்கிறது.
அந்தக் கடிதம் கழிப்பறையில்
சட்டம் போட்டுத் தொங்குகிறது.
கைகழுவப் போனபோது பார்த்தேன்,
மூன்று கையெழுத்தும் அழகு.

நெவெங்கா சொல் தேடினாள்:
கெட்டிலில் மறந்த தேநீர்,
வால்நட் பருப்பின் உள்தோல்,
நனைந்த கம்பளி, இல்லை, கம்பளி இல்லை.
துவர்ப்பு, என்றேன் நான்.
மூவரும் சொல்லிப் பார்த்தார்கள்.
யெல்காவின் நாக்கு நடுவில் இடறியது.
இன்னொரு மிடறு குடித்துவிட்டுச்
சரியாகச் சொன்னாள்.

இன்னொரு சொல்லும் நாக்கில் இருந்தது,
சொல்லவில்லை.
தெளிந்தால் தேறல்.
பரீட்சையில் பிழைத்தாலும் காய்ச்சலில் பிழைத்தாலும்
தேறுவது என்றே பெயர்.
இந்தக் கிண்ணத்தில்
மூன்றில் ஒன்றுதான் நடந்திருக்கிறது.
இதை எந்த மொழியில் அவருக்குச் சொல்வது,
சொன்னால் அந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில்
மாட்டிவைப்பாரோ என்னவோ.

துப்புவதற்கு வைத்த மண்சாடியில்
அவர்களுடைய பூனை தூங்கியது.

வெயில் மேசையின் இந்த முனையிலிருந்து
அந்த முனைக்குப் போயிருந்தது.
வோய்கோ தன் கிண்ணத்தை முகர்ந்து
தலையாட்டினார்: ம்ஹூம், இன்னும் பேசவில்லை.
எங்களுக்கு அது தெரியவில்லை,
நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்.

மிச்சத்தைத் தக்கை அடைத்துக் கொடுத்தாள் யெல்கா.
மாதக் கணக்கில் வைக்காதே,
வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை, நாலரை மணி,
இரண்டாம் மாடி, ஒளிநகல் இயந்திரம் இருக்கும் அறை.
காரில் குலுங்கியதில்
முன்னைவிடக் கலங்கல்.
இரண்டு காபிக் கோப்பைகளில் ஊற்றினேன்.
நெவெங்கா ஒரு வாய் குடித்தாள்.
கொஞ்ச நேரம் இயந்திரத்தின் பச்சை விளக்கையே பார்த்தாள்.
பிறகு
கதவைச் சாத்து என்றாள்.