மூன்றாவது ஜோடி

பானட்டின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன்:
முதல் ஜோடி நாற்பத்தோராயிரம் கிலோமீட்டர்.
அடுத்தது இருபத்தாறு,
அந்த வருஷம் மழை அதிகம்.

பால் ஜாயிண்ட் பெட்டியில் லட்சம் என்று போட்டிருந்தது.
பெட்டி சானி கணவாய் ஏறியதில்லை.

அண்டர்பெர்க்கில் ஜாக்கி போட்டு
சக்கரத்தைப் பன்னிரண்டு மணியிலும் ஆறு மணியிலும் பிடித்து
ஆட்டுகிறான் லுங்கேலோ.
டொக்.
ஆடும் பல்லைக் கண்ட டாக்டர் மாதிரி
என்னைப் பார்க்கிறான்.

ரப்பர் உறையில் நகக்கண் அளவு கிழிசல்.
போதும் அது, சேறு உள்ளே போய்
கிரீஸை அரைக்கும் மாவாக்க.

நாளைக்கு ஏழு பேர். முன்பணம் வாங்கியாயிற்று.
"இன்னும் ஒரு தடவை தாங்குமா?"
பதில் இல்லை.
சாக்பீஸை எடுத்து நீட்டுகிறான்.

போன குளிரில், பத்தாவது வளைவில்,
பூபாலன் அண்ணனின் வண்டி
இடது சக்கரத்தை மடக்கி
மண்டியிட்டு உட்கார்ந்திருந்தது.
ஆட்களுக்கு ஒன்றுமில்லை.
அண்ணன் மட்டும் பனியில் நின்று
தன் முழங்காலைத்
தடவிக்கொண்டே இருந்தார்.

பத்தொன்பதாயிரத்து முந்நூறு.
எழுதிவிட்டு
மாரிட்ஸ்பர்க் கடைக்கு போன் போட்டேன்:
ஷட்டரை இறக்கிவிடாதே கோகிலா,
வந்துகொண்டிருக்கிறேன்,
லுங்கேலோவின் காரில்.