மூன்றாவது ஜன்னல்

டாலி முனையில் இரண்டு உணவகங்கள்.
ஒன்றில் அவர் கொன்றார்.
எதிரே உள்ளதில் கொல்லவில்லை.
காபி இரண்டிலும் ஒரே கசப்பு.

தீர்ப்பு வந்து பதினோரு மாதம்.
ஊர் வாயை மூட உலைமூடி ஏது?
படகுத் துறையில் கிடந்தவர்கள் இரண்டு பேர்:
மனைவி கொரின்,
அவள் அண்ணன் பாஸ்கம்.
கணக்குப் புத்தகத்தைக் காட்டு என்று
வியாழக்கிழமை வரை கெடு வைத்திருந்தவன்.
செத்தது புதன்.

"திருடினார், சரி. அதற்காகச் சுட்டிருப்பாரா?
என் மைத்துனன் முப்பது வருடத் திருடன்,
ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை"
என்கிறார் முடிவெட்டும் வெர்லின்.
"ஒன்பது நாள் காசோலையாகவே காட்டினால்
ஜூரி பெட்டியில் ஏசுவே உட்கார்ந்திருந்தாலும்
குற்றவாளி என்றுதான் சொல்வார்."

"கெடு தெரியாமல்
புதன்கிழமைக்கு என்னய்யா அர்த்தம்?"
இது டெசி, பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்.
முட்டை ஆறிப்போகும் வரை கத்துவாள்.

மேல்முறையீட்டிலும் இதே சண்டைதான்,
கொஞ்சம் லத்தீன் தூவி.

நான் இரண்டு கடையிலும் வாய் திறப்பதில்லை.
சதுப்புக்கரை வங்கி, மூன்றாவது ஜன்னல்,
இருபத்திரண்டு வருடம்.
அரசுத் தரப்பு ஆவணம் எண்பத்தேழைத்
திருப்பிப் பாருங்கள்.
முத்திரைக்குக் கீழே சாய்ந்து கிடக்கும்
ஓ. டி.
நான்தான். ஓப்பலீன் டிகில்.

அது கிளியோதா மிம்ஸின் நஷ்டஈடு.
மர ஆலை ரம்பம்
அவர் வலது கையை மணிக்கட்டோடு எடுத்துக்கொண்டது.
ஆஸ்பத்திரிக்கு நானே பீச் பழப் பணியாரம் கொண்டுபோனேன்,
கட்டுப் போட்ட அந்த முனையை
எங்கே பார்ப்பது என்று தெரியாமல்
தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழு வாரம் கழித்து
மூன்று லட்சத்துப் பத்தாயிரம் டாலர்
என் ஜன்னலுக்கு வந்தது.
பின்பக்கம் கிளியோதாவின் கையெழுத்து:
வலப்பக்கம் சாய்ந்து, வால் சுழித்து,
கை இருந்த காலத்தில் அவர் போட்டதைவிட அழகாக.

நான் தலை நிமிர்ந்தேன்.
"அம்மா இடுப்பு வலி எப்படி இருக்கு, ஓப்பலீன்?"
என்றார் வக்கீல்.
நிஜமாகவே கேட்டார். அதுதான் தொல்லை.
நீதிமன்றச் சுவரில் அவர் அப்பா,
அவர் அப்பாவின் அப்பா.
பக்கத்தில் ஓர் ஆணி, அவர் படத்துக்கென்று
முன்கூட்டியே அடித்து வைத்தது.

டிசம்பர் தோறும் எங்கள் ஐந்து ஜன்னலுக்கும்
ஐந்து பன்றித்தொடை அனுப்புவார்,
உப்பில் ஊறி, பழுப்புக் காகிதம் சுற்றி.
அந்த உப்பை நானும் தின்றேன்.
முத்திரையை எடுத்தேன்.
அடித்தேன்.

சாட்சிக் கூண்டில் அவருடைய வக்கீல்
என்னிடம் கேட்டது மூன்றே கேள்வி.
சுட்டதைப் பார்த்தீர்களா, அம்மணி?
இல்லை.
துப்பாக்கியை?
இல்லை.
பிறகு எதற்காக வந்தீர்கள்?
கூடம் சிரித்தது. நானும் கொஞ்சம் சிரித்துவிட்டேன்.
இப்போதெல்லாம் பாத்திரம் கழுவும்போது
பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்,
குழாயைத் திறந்துவிட்டு.

போன வெள்ளி கிளியோதா வந்தார்.
குதிரைகள், தீவு, இரண்டு விசைப்படகு எல்லாம் விற்று
ஏமாந்தவர்களுக்குப் பிரித்ததில் அவர் பங்கு
நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டு டாலர்,
அறுபது சென்ட்.
வரிசையில் அவருக்குப் பின்னே வெர்லின்,
வெர்லினுக்குப் பின்னே டெசி.

இடது கையில் பேனா.
முதல் எழுத்தே முடியவில்லை.
காகிதம் நழுவியது,
கண்ணாடிக்கு அடியில் விரலை நீட்டி
ஒரு மூலையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.
யாரும் இருமவில்லை.
மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும்.

"பெரிய நோட்டாகத் தரட்டுமா?" என்றேன்.

"எப்படியோ கொடு.
எண்ணிக் கொடு" என்றார்.
"சத்தமாக."