மஞ்சள் கோடு

ஸுவைனா முதலில் கேட்டது
நகராட்சி ஆட்களா என்றுதான்.
கையில் பெயின்ட் டப்பா, தலையில் தொப்பி,
பாறைக்குக் குறுக்கே மஞ்சள் கோடு:
இந்த வாதியில் சாலை வந்தாலும்
இடிக்க வந்தாலும் இப்படித்தான் தொடங்கும்.
கோடு நேராகப் போய்
அவளுடைய ஆட்டுப் பட்டிக்குள் நுழைந்து
தண்ணீர்த் தொட்டிக்கடியில் மறைந்தது.

நான் வண்டியோட்டி, பெயர் கல்ஃபான்.
ஜெர்மன்காரி வீப்கேயின் அரபி நொண்டும் இடத்தில்
தோள்கொடுப்பதும் என் சம்பளத்தில் சேர்த்தி.
"சாலை இல்லை, பயப்படாதே.
கோட்டுக்கு இந்தப் பக்கம் பூமியின் மேலோடு.
அந்தப் பக்கம் அதற்குக் கீழே இருக்கும் கவசம்."
சொல்லி முடித்த பிறகுதான்
சொன்னது எனக்கே காதில் விழுந்தது.

கடலடித் தரையிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் கீழே,
கண்டமென்றால் முப்பது நாற்பது,
அங்கே இருக்க வேண்டியதாம் இந்த எல்லை.
நிலநடுக்கத்தின் அலை மட்டும்
அதைத் தாண்டியதும் சட்டென்று வேகமெடுக்கும்;
அந்த வேகத்தை வைத்துத்தான்
அப்படியொன்று இருப்பதையே கண்டுபிடித்தார்களாம்.
ஓமானிலோ ஒன்பதரைக் கோடி ஆண்டுக்கு முன்
கடலின் தரை கரைமேல் ஏறி
ஒருக்களித்துப் படுத்துவிட்டது,
அடிவயிறு தெரிய.

"என் தொட்டி எந்தப் பக்கம்?"
பாதி பாதி என்றாள் வீப்கே.
"எந்தப் பக்கத்துக்கு வரி?"
இரண்டுக்கும் இல்லை.
"அப்போ வரைந்துகொள்ளுங்கள்."

கோட்டுக்கு அந்தப் பக்கம்
கல் வெளியே துருவின் நிறம்.
உடைத்தால் உள்ளே பச்சை,
வெடிப்பெல்லாம் பாம்புத்தோல் பளபளப்பு.
ஆழத்தில் இருந்த கல்லுக்கு
மழைத்தண்ணீர் ஒத்துக்கொள்வதில்லை:
குடித்துக் குடித்து வேறு கல்லாகிறது,
வெள்ளை நரம்பு ஓடுகிறது,
குட்டையில் நீலத் தண்ணீரை ஊறவிட்டு
மேலே பாலாடை போல் சுண்ணம் படர விடுகிறது.
முதல் நாள் அதில் முகம் கழுவிவிட்டு
மாலைவரை கண்ணெரிச்சலோடு வண்டி ஓட்டினேன்.

அதற்கும் கீழே? கேட்டேன்.
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டருக்கு
இதே கவசம்தான், பிறகு உருகிய இரும்பு,
நடுவில், அவ்வளவு சூட்டிலும்,
அழுத்தம் உருக விடாத இரும்பு.
அதைக் காட்டும் வாதி எங்கும் கிடையாது.

என் தங்கை ரய்யா கெய்ரோவில் படிக்கிறாள்.
இரவு வண்டியின் பின்தட்டில் மல்லாந்து
கணக்குப் போட்டுப் பார்த்தேன்:
அவளைவிடக் கொஞ்சம்தான் தள்ளி இருக்கிறது
உருகிய இரும்பு.
விமானம்தான் இல்லை.

அடுத்த ஆண்டு வெள்ளம் வந்தது.
கோட்டோடு பட்டியின் ஒரு சுவரும் போனது.
வீப்கே ஒன்பது மாணவர்களைக் கூட்டி வந்தாள்.
அவரவர் சுத்தியலோடு அவரவர் எல்லையைக் கண்டுபிடித்தார்கள்.
வெயில் ஏற ஏற குரலும் ஏறியது.
ஸுவைனா சுவருக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்,
சாம்பல் கல்லும் துருக்கல்லும் கலந்து,
கைக்கு வாகானது எதுவோ அது.

"ஆடு எங்கே தலையை நிமிர்த்துகிறதோ
அங்கே பாருங்கள்," என்றாள் திரும்பாமல்.
"அதற்கு அப்பால் புல்லில் ருசி இல்லை."

பார்த்தார்கள். தட்டினார்கள். உருப்பெருக்கியில் நோக்கினார்கள்.
பதினோரு அடி தப்பு என்றான் ஒருவன்.
தப்பில்லை என்றாள் வீப்கே,
உண்மையில் அது கோடே இல்லை,
இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கும்
ஒரு கனம்; சில இடத்தில் ஓரடி, சில இடத்தில்
இந்தக் குன்று முழுக்க.

"பிறகு எதற்கு என் தொட்டிக்கடியில் கோடு போட்டீர்கள்?"

யாரும் வாய் திறக்கவில்லை.
நான் டப்பாவை ஆட்டிப் பார்த்தேன்,
அடியில் கொஞ்சம் இருந்தது.
கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இப்போது அந்த வளைவில் வண்டியைத் திருப்பும்போது
தூரத்திலேயே தெரிகிறது:
முப்பத்திரண்டு ஆடு, கொம்பெல்லாம் மஞ்சள்.
கொஞ்ச நேரம் மேலோட்டில் மேய்கின்றன,
கொஞ்ச நேரம் கவசத்தில் நின்று
அசை போடுகின்றன.