மூன்றா எட்டா

மாங்கூழ் ஆலைக்குப் பின்னால், தகரக் கொட்டகையில்,
புளித்த வாசத்துக்கும் ஈக்களுக்கும் நடுவே
நின்றது கான்டெஸா.
கறுப்பு. எண்பத்தொன்பதாம் வருடத்து வண்டி.
தார்ப்பாயை இழுத்ததும்
காவேரிப்பட்டணத்து வெயில் மொத்தமும்
அதன் நீண்ட மூக்கின்மேல் ஏறி உட்கார்ந்தது.

இருபத்திரண்டு வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன்.
வில்லங்கம் போட்டுப் பார்க்காமல்
முன்பணம் கொடுக்காதீர்கள் என்று
சொல்லிச் சொல்லித் தேய்ந்த நாக்கு.
அன்று அது மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க ரைட்டரம்மா" என்றான் திம்மராயன்.
பண்ணியிருக்கக் கூடாது.
அந்தச் சத்தம் சீட்டின் வழியே ஏறி
என் முதுகெலும்பைக் கணுக்கணுவாக எண்ணியது.

பிறகுதான் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டேன்.
கர்நாடக எண். கோலார்ப் பதிவு.
உரிமையாளர் சையத் இனாயத்,
இறந்து பதினோரு வருடம்.
கடன் கொடுத்த ஃபைனான்ஸ் கம்பெனியின் முத்திரை
இன்னும் அழியவில்லை;
கம்பெனிதான் அழிந்துவிட்டது.
அந்தக் கட்டடத்தில் இப்போது பிரியாணிக் கடையாம்.
'பாக்கி இல்லை' என்று
அவர்களா எழுதித் தருவார்கள்?

"அதுக்கெல்லாம் சேலத்துல ஆள் இருக்கு."
இந்த வாக்கியம் எனக்குப் பழக்கம்.
இதன்மேல் வீடு கட்டியவர்கள்
என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள்.

பானட்டைத் தூக்கச் சொன்னேன்.
சேசிஸ் எண்மேல் வெள்ளைத்தாளை வைத்து
பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தேன்.
துருவுக்குள்ளிருந்து
ஒவ்வொன்றாக எழுந்து வந்தன இலக்கங்கள்.
கடைசிக்கு முந்தையது மட்டும்
மூன்றா எட்டா தெரியவில்லை.
புத்தகத்தில் எட்டு.
துரு தின்ற எட்டு, மூன்றாகலாம்.
உளி தொட்ட மூன்று, எட்டாகலாம்.
இரண்டுக்கும் நடுவே
ஓசூர் சோதனைச் சாவடியும்
ஸ்டேஷன் பெஞ்சில் ஒரு ராத்திரியும் இருக்கின்றன.

மனசு வக்கீலாகிவிட்டது.
ஒன்றே முக்கால் லட்சம்தானே, எஞ்சினே அது பெறும்.
பேர் மாற்றாமலே
ஞாயிறு விடியலில் அணை வரைக்கும் போய் வரலாம்,
யார் மறிக்கப் போகிறார்கள்?
மறிக்க வேண்டாம். திருப்பத்தில்
ஒரு மொபெட்காரர் குறுக்கே வந்தால் போதும்.
இன்சூரன்ஸ் யார் பேரில்? செத்தவர் பேரிலா?
அடிபட்டவர் வீட்டார் வந்து நிற்பது
என் வாசலில்.

விற்பனைப் படிவத்தில் மூன்று வாரிசுகள்.
இரண்டு மகன், ஒரு மகள். மூன்று கையெழுத்து.
ஒரே பேனா, அதனாலென்ன.
ஆனால் மூன்றிலும் கடைசி வளைவில்
ஒரே மாதிரி ஒரு தயக்கம்.
சொந்தப் பேரை எழுதுகிறவன்
அங்கே நிற்க மாட்டான்.

"அந்தப் பொண்ணு நம்பர்?"
"இல்லீங்களே."
டேஷ்போர்டைத் திறந்தேன்.
தீர்ந்துபோன அத்தர் சீசா, இரண்டு ஃபியூஸ்,
அவள் கல்யாண அழைப்பிதழ்.
கீழே, மாப்பிள்ளை வீட்டு எண்.

குப்பத்தில் போனை எடுத்தது ஷாஹிதாவேதான்.
"அந்தக் காரா? பழைய இரும்புக்குப் போட்டாச்சுன்னு
அண்ணன் சொன்னாரே."
கொஞ்ச நேரம் குக்கர் விசில் மட்டும்.
அழப்போகிறாள் என்று நினைத்தேன்.
"என்ன விலைக்குப் பேசுறாங்க?" என்றாள்.
சொன்னேன்.
"வியாழக்கிழமை வர்றேன்.
அதுவரைக்கும் யார்கிட்டயும் பணம் குடுத்துடாதீங்க."

என் வார்த்தை.
வேறொருவர் வாயிலிருந்து கேட்பது இதுவே முதல் தடவை.

திம்மராயன் என் முகத்தைப் பார்க்காமல்
தார்ப்பாயை இழுத்து மூடினான்.
முன்பணத்துக்குக் கொண்டுபோன இருபதாயிரத்தோடு
டவுன் பஸ் ஏறினேன்.
கைப்பை முழுக்கப் பென்சில் கரி.

தென்பெண்ணைப் பாலம் தாண்டும்போது
தாளை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தேன்.
அந்த வெளிச்சத்துக்கு
எட்டு மாதிரிதான் இருந்தது.