இடத்தோள்

கலிம்னோஸ் கடலில் அன்று
பந்தெலிஸின் வலையில் மீன் இல்லை.
ஒரு கால் வந்தது,
அப்புறம் மீதி ஆள்.

மூன்று வருடம்
நன்னீர்த் தொட்டியில் கிடத்தி
உப்பைக் கக்க வைத்தேன்.
பல் மருத்துவரின் ஊசியால் சிப்பி கிளறினேன்,
நாளுக்கு ஒரு நகக்கண் அகலம்.
இமை வந்தது. செம்பு உதடு வந்தது.

இடத்தோளில் ஆழமாய் ஒரு கீறல்.
கோப்பில் "வாள்வெட்டு" என்றெழுதி
பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

திறப்பு விழாவுக்கு
இரவல் கோட்டில் வந்தார் பந்தெலிஸ்,
டீசல் வாசத்தோடு.
முகத்தைப் பார்க்கவில்லை,
நேரே தோளுக்குப் போனார்.

"இருபது வருடம் முன்பே ஒருமுறை தூக்கினேன்.
கொக்கி வழுக்கிவிட்டது.
வீட்டில்கூடச் சொல்லவில்லை.
ரொம்பவா கீறிவிட்டேன்?"

அன்றிரவு
வாள்வெட்டை அடித்தேன்.
கேள்விக்குறியை விட்டுவைத்தேன்.